உறை பிரிக்காத பிரஷ்

பிரையர்டேல் புறநகர்ப் பள்ளிகளில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இடம். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நகரத்திலிருந்து பொய் முகவரி கொடுத்துச் சேருகிறவர்களைப் பிடிக்க, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் புரூயிட்டைப் பள்ளி நிர்வாகம் வேலைக்கு வைத்திருந்தது. காலை ஆறு மணிக்குப் போய்க் கதவைத் தட்டுவார். பிள்ளையின் கட்டில், துணிமணி, பல் துலக்கும் பிரஷ் மூன்றையும் படம் எடுத்துக் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது.

அன்று கதவைத் திறந்தவள் லொரெய்ன். மருத்துவமனை வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

“டியானா என் தங்கச்சி பொண்ணு சார். இங்கதான் இருக்கா.”

சிறுமி கோட்டும் ஷூவுமாக சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

“ராத்திரி இங்கதான் தூங்கினியா?”

“ஆமா.”

அவள் ஷூவிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலையும் துணிகளையும் படம் எடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார் புரூயிட். கோப்பையில் இரண்டு பிரஷ். சின்னது கடையில் வாங்கிய உறைகூடப் பிரிக்காமல் நின்றது. பின்னாலேயே வந்த லொரெய்னும் அதைப் பார்த்துவிட்டாள்.

“இந்த ஸ்கூல்ல அப்படி என்ன இருக்கு?” என்று சோபாவிலிருந்த சிறுமியைத் திரும்பிப் பார்த்து உறுமினார்.

“லைப்ரரி இருக்கு. எங்க ஸ்கூல்ல பூட்டிட்டாங்க.”

‘எங்க ஸ்கூல்’ என்றதும் லொரெய்ன் கண்ணை மூடிக்கொண்டாள்.

புரூயிட் உறையைக் கிழித்தார். பிரஷைக் குழாயில் நனைத்துக் கோப்பையில் வைத்துப் படம் எடுத்தார்.

“பொய்யையாவது ஒழுங்கா சொல்லித் தொலைங்கம்மா,” என்று எரிந்து விழுந்தார். “முதல்ல அந்தத் தரையைத் தொடைங்க.”