எருக்குழி ஓரத்து மண்

1

இந்தக் கதை எங்கேயோ கேட்டது அல்ல. என் கை செய்த தப்பிலிருந்து வந்தது. 1962இல் திருச்சியில் ஒரு விவசாய அலுவலகத்தில் நான் எழுத்தர். கிராமங்களிலிருந்து துணிப்பையில் வரும் வயல் மண்ணை உலர்த்தி, சலித்து, எண் போட்டு வெளியூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவேன். அங்கிருந்து இங்கிலீஷில் வரும் முடிவைத் தமிழில் எழுதித் தபாலில் சேர்ப்பேன். சாயங்காலம் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய், உத்திர வீதி அறையில் கதை எழுதுவேன். பத்திரிகைகள் திருப்பி அனுப்பும். அது கிடக்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று: "தொட்டியத்து வாழைத் தோப்புகளில் தென்றல் தவழ, காவிரித் தாய்—"

தென்றலாவது, மண்ணாங்கட்டியாவது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "காளியாயி சூதுவாது தெரியாத—"

இதுவும் பொய். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: சர்க்காருக்கு மண் கொடுக்கும்போது நல்ல மண்ணாகப் பார்த்துக் கொடுக்கக் கூடாது என்பது.

3

(இந்தப் பகுதி அவளே என்னிடம் சொன்னது. எப்போது சொன்னாள் என்பது பின்னால் வரும்.)

தொட்டியத்துக்குப் பக்கத்தில் காளியாயிக்கு ஒரு ஏக்கர். பிறந்த வீட்டில் கொடுத்தது. நெல்லும் வாழையும் மாறி மாறிப் போடுவார்கள். நடவுக்கு முன்னால் கொளுஞ்சித் தழையைக் கட்டுக் கட்டாகச் சேற்றில் போட்டு மிதிப்பாள். அறுப்பு முடிந்ததும் புழுக்கை எருவுக்காக ராத்திரியில் வயலில் ஆட்டுக்கிடை கட்டச் சொல்லுவாள். தார் வெட்டிய வாழையை அங்கேயே துண்டு போட்டு உழச் சொல்லுவாள். வருஷம் தவறாமல் இதுதான்.

[நம் ஊர் வெயிலில் மண்ணில் சேர்த்த மக்கிய சத்து நிலைக்காது. குளிர்ந்த சீமையில் பல வருஷம் கிடப்பது இங்கே சீக்கிரமே தீர்ந்துபோகும். அதனால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். ஆபீஸ் புத்தகத்தில் படித்திருந்தேன்.]

கிராம சேவகர் ரத்தினவேல் ஒரு பையைக் கொடுத்து, வயலில் பத்து இடத்தில் ஒரு சாண் தோண்டிக் கலந்து போடச் சொன்னார். காளியாயியின் புருஷன் மருதை அதை அவள் பக்கம் எறிந்தான்.

"மண்ணு கேக்குறாங்க. அள்ளிப் போடு."

அவள் வயலில் குனிந்து ஒரு கை அள்ளினாள். வேரும் கல்லும் கிடந்தன. பட்டணத்து ஆபீசர்கள் பார்க்கப்போகிற மண் இதுவா? சம்பந்தி வீட்டுக்குப் போகிற சீர்த்தட்டில் அழுகல் தேங்காயை வைப்போமா? அள்ளியதை உதறிவிட்டு எருக்குழி ஓரத்துக்குப் போனாள். அங்கே சாணியும் குப்பையும் பல வருஷமாக மக்கி, மண் கரேலென்று பொலபொலவென்று இருந்தது. அதை அள்ளிப் போட்டு, பையின் வாயைத் தைத்தும் கொடுத்தாள்.

4

அந்தப் பையைத் திறந்தவன் நான். இங்கே கதாசிரியன் ஒளிந்துகொள்ள வசதி உண்டு. "எழுத்தர் ஒருவர்" என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். கூசியது.

உள்ளே வைக்கோல் துணுக்கு, காய்ந்த சாணி, முட்டை ஓடு. வயலில் ஏது முட்டை ஓடு? "வேறு மண் அனுப்பவும்" என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. குப்பையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, விதிப்படி சலித்து அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு ஒரு கதையை முடிக்கிற அவசரம். அதுவும் திரும்பித்தான் வந்தது.

முடிவும் வந்தது. மண்ணில் மக்கிய சத்து மிக அதிகம். தழையும் எருவும் வேண்டாம். அமோனியம் சல்பேட் உரம் போதும். என் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன்.

மருதை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான். கிடையை நிறுத்தினான். வாழைச் சருகை வயலிலேயே கொளுத்தினான். முதல் இரண்டு வருஷம் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. மூன்றாம் வருஷம் மண் இறுகி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்தது. நான்காம் வருஷம் வேர் பிடிக்காத வாழை சாதாரணக் காற்றுக்கே சாய்ந்தது. செத்த நிலம், மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம் என்றான் மருதை.

"அந்தப் பையில போனது வயலு மண்ணு இல்லீங்க. நான்தான் எருக்குழியில அள்ளிப் போட்டேன்."

"சூளைக்காரர்ட்ட பேசி முடிச்சப்பறம் கத கட்டுறியா? காயிதம் பொய் சொல்லுமா?"

5

1966 சித்திரையில் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். நடந்தது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். மடியிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து என் மேசையில் ஓங்கிப் போட்டாள். மேசை அதிர்ந்தது. கட்டி உடையவில்லை.

"இதாங்க என் வயக்காட்டு மண்ணு. அன்னிக்கு வந்தது எருக்குழி மண்ணு. பையத் தொறந்தவரு நீங்கதானாமே. பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேம்மா."

[அவள் முகத்தை வர்ணித்து மூன்று வாக்கியம் எழுதினேன். கிழித்துவிட்டேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது.]

"நான் தெரியாம செஞ்சேன். படிச்ச நீங்க தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க. போகட்டும். திங்கக்கெழம வெட்ட ஆளு வருது. அதுக்குள்ள ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, அது என் வயலு மண்ணு இல்லன்னு. என் பேச்சு அவருக்கு ஏறாது. காயிதம் சொன்னா ஏறும்."

மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"மனு எழுதிக் குடுங்கம்மா. முறைப்படி பாப்போம்" என்றேன்.

இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வருகிறது. அவள் மனு எழுதவில்லை. எழுத அவளுக்குத் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

6

முடிவு அ: மருதை மனம் மாறிக் கிடை கட்டுகிறான். அடுத்த போகமே வீடு கொள்ளாத விளைச்சல். (நாலு வருஷம் கொளுத்தித் தீர்த்தது ஒரு போகத்தில் திரும்பாது. உங்கள் சந்தோஷத்துக்காக மண் விளையாது.)

முடிவு ஆ: காளியாயி மண்வெட்டியோடு சூளை ஆட்களை மறித்து நிற்க, அவர்கள்— (சினிமா.)

முடிவு இ: வெட்டிவிட்டார்கள். (தெரியாது. தொட்டியம் பக்கத்தில்தான். காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் திரும்பிவிடலாம். நான் போகவில்லை. பயம்.)

அவள் கேட்டது ஒரு வரி. நான் இரண்டு வருஷமாகப் பக்கம் பக்கமாக எழுதிக் கிழிக்கிறேன். இதோ, அந்த வரி:

"காளியாயி அவர்களின் வயல் மண் அந்தப் பையில் இல்லை என்பது, பையைத் திறந்த அன்றே எனக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி போடவில்லை. நீங்கள் போடுங்கள். அவளுக்கு உதவுகிற தேதியாகப் பார்த்துப் போடுங்கள்.