இரண்டாம் வினாத்தாள் முடியும் வரை

மூன்றாவது கணக்கும் பிழையாகிப் போனபோதுதான் மாமா இன்னும் இருமவில்லை என்பது ஜீவராணிக்கு உறைத்தது.

விடிந்தும் விடியாத நேரம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தங்கள் ஒற்றைக் காம்பராவின் சிமெந்துத் தரையில், மாமனார் இராமசாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய வினாத்தாள் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரக் கணிதப் பரீட்சை. முப்பத்துநாலு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் உட்கார்ந்து எழுதப் போகிறாள். மற்றப் பாடங்களெல்லாம் என்றைக்கோ பாஸ். இந்தக் கணிதம் மட்டும் சனியன் மாதிரி காலைப் பிடித்துக்கொண்டு விடுவேனா என்கிறது.

தேயிலைக் கொழுந்தெடுக்கவும் றப்பர் பால் வெட்டவும் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவள் உதவியாள். அங்கே பொறுப்பாக இருக்கும் மிஸ் ஓய்வெடுக்கப் போகிறார். அந்த இடம் ஜீவராணிக்குத்தான் என்று தோட்டத்துத் துரையே வாயால் சொல்லியிருந்தார், கணிதம் பாஸானால். இந்தத் தடவை விட்டால் வயதெல்லை தாண்டிவிடும். அப்புறம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற மறுபடி மலைக்குப் போக வேண்டியதுதான். 

மீட்டல் செய்யச் செய்ய ஒரே இடத்தில்தான் இடறினாள். மட்டந்தட்டல். கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டுக என்றால் பதினாலு தசம் ஏழைப் பதினாலு என்றே அவள் கை எழுதும். எத்தனை வருடம் கொழுந்து நிறுத்தவள்! தராசில் முள் எங்கே நின்றாலும் கிலோவுக்கு மேலே உள்ள கிராம் தோட்டத்துக்குத்தான் என்று பழகிப்போன புத்தி. கஹவத்தையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் றஸ்மியா டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். "இது ஒங்கட தோட்டத்துத் தராசில்ல ஜீவராணி. அரைக்கு மேல நின்டா மேல ஏத்துங்க. நீங்க எழுதுற கணக்குல ஆருக்கும் ஒன்டும் வெட்டிக் குடுக்கத் தேவல்ல."

இப்போதும் பதினாலு என்றுதான் எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். கட்டிலில் சத்தமே இல்லை.

கிழவரின் இருமல் அந்தக் காம்பராவுக்குச் சேவல் மாதிரி. விடியுமுன் தொடங்கினால் பக்கத்துக் காம்பராவெல்லாம் எழும்பிவிடும். ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவைத்த நாளிலிருந்து அது இன்னும் மோசம். ஆனால் இன்றைக்கு, புருஷன் கிருஷ்ணராஜ் பால்வெட்டுக்குப் புறப்படும்போது, "அப்பாவ எழுப்பாத. ராவெல்லாம் தூங்கல" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். "பக்கத்து சுமித்ரா அக்காகிட்டயும் சொல்லிப்புட்டேன், கஞ்சி குடுக்க வர வேணாம்னு. பால தராசுல நிறுத்துட்டு நானே வந்து குடுக்கிறேன். நீ ரெண்டு பேப்பரையும் எழுதிட்டு வா." வழக்கமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதன் இவ்வளவு பேசினதே அவளுக்கு ஆச்சரியம்தான்.

"மாமா" என்று கூப்பிட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "மாமா, தேத்தண்ணி வேணுங்களா?"

நெற்றியில் கை வைத்தாள். குளிர்ந்து கிடந்தது. மூக்குக்கு முன்னால் புறங்கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கண்கள் மூடியபடி, போர்வை கழுத்துவரை இழுத்துவிட்டபடி, ஒரு சண்டை சச்சரவும் இல்லாமல் மனிதர் போய்விட்டார்.

அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. சட்டென்று சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ஏனென்றால் ஒரு சத்தம் போதும். லயத்தில் ஒரு பொம்பிளை வாய்விட்டு அழுதால் அடுத்த நிமிடம் வாசல் நிறைந்துவிடும். தப்படிக்க ஆள் போகும், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்றவர்கள் திரும்பி வருவார்கள். சாவு விழுந்த வீட்டில் விளக்கேற்றித் தலைமாட்டில் உட்கார வேண்டியவள் மருமகள். பிரேதம் வாசல் தாண்டும்வரை அவள் வாசல் தாண்டக்கூடாது. பரீட்சை, கிரீட்சை என்று வாயெடுத்தால் காறித் துப்புவார்கள்.

நேற்றுச் சாயந்தரம் கஞ்சி ஊட்டும்போது, "நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கங்க மாமா" என்று முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. சாகப்போகிற மனிதரிடம் தவணை கேட்டவள். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, கடவுள் காதில் விழுந்திருக்கும். இப்போது நன்றாகச் சோதிக்கிறான் என்று நினைத்தாள்.

கீழே ரோட்டில் முதல் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அடுத்தது வந்தால் அதில்தான் போக வேண்டும். அதையும் விட்டால் பரீட்சை மண்டபத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பைக்குள் வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். தலைமாட்டில் ஒரு விளக்காவது ஏற்றிவிட்டுப் போகலாமே என்று தீப்பெட்டியை எடுத்தாள். நோயாளி தூங்கும் கட்டிலில் பகல் விளக்கு எதற்கென்று எட்டிப் பார்க்கிறவர் கேட்பார்கள். தீப்பெட்டியை வைத்துவிட்டாள். வெளிச்சம் கூட இல்லாமல் கிடக்கிறாரே என்ற எண்ணம் நெஞ்சை அறுத்தது.

"நீங்க தூங்குறீங்க மாமா" என்றாள், கட்டிலைப் பார்க்காமல். "நான் போயிட்டு வந்துர்றேன்."

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பக்கத்துக் காம்பராச் சுமித்ரா அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "மாமா எப்டி ஜீவா? இருமல காணோமே" என்று கேட்டாள்.

"தூங்குறாரு அக்கா. எழுப்ப வேணாம்னு அவரு சொல்லிட்டுப் போனாரு."

"நல்லதுதான். நல்லா எழுது. பயப்படாத, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு பாரு."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். பரீட்சை நடந்தது ரவுணில் ஒரு சிங்களப் பாடசாலையில். பக்கத்து மேசைப் பையன் அவளைப் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

முதலாம் வினாத்தாளில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. எறும்பு என்று நினைத்ததுமே கட்டில் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கவில்லையே என்று மனம் லயத்துக்கு ஓடியது. பூனை உள்ளே போயிருக்குமோ? சுமித்ரா அக்கா மனசு கேட்காமல் கஞ்சியோடு போயிருப்பாளோ? வகுத்ததையே மறுபடி வகுத்தாள். மட்டந்தட்டல் கணக்கு வந்தது. கை பழக்கத்தில் கீழே இறக்கி எழுதிவிட்டது. ஒரு மூச்சு விட்டு, அதை அடித்து மேலே ஏற்றி எழுதினாள். அது ஒன்று சரி என்று நிச்சயமாகத் தெரிந்தது.

இடைவேளையில் பிள்ளைகள் வடையும் பணிஸும் தின்றுகொண்டே விடை ஒப்பிட்டார்கள். கேற்றுக்கு வெளியே தோட்டப் பக்கம் போகும் கஹவத்தை பஸ்கள் நின்றன. போய்விடலாம். பாதியாவது எழுதியாயிற்று. ஆனால் இந்தப் பாடத்தில் பாதி எழுதுவதும் எழுதாததும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். பையில் கிடந்த போனை அவள் தொடவே இல்லை. அது அணைந்து கிடக்கும்வரை மாமா தூங்குகிறார். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொன்னதை நம்பவும் இல்லை.

இரண்டாம் வினாத்தாளில் கடைசி மணி அடிக்கும்வரை எழுதினாள். வரைபடத்துக்குக் கோடு போடும்போது பேனை கசிந்து சுட்டுவிரலெல்லாம் நீலம். துடைக்கக்கூட நேரமில்லை, கிடைத்த பஸ்ஸில் ஓடி ஏறினாள்.

கொண்டக்டர் மதுசன் அந்தப் பக்கத்துப் பையன், சிங்களமும் தமிழும் கலந்தே பேசுவான். "அக்கா, ஒங்கட லயத்துல மளகெதரயாம். தெரியுமா?" என்றான். சாவு வீட்டைத்தான் சொல்கிறான். அவளுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. தெரியாது என்று தலையாட்டினாள். ஒரே நாளில் எத்தனை பொய்.

தேவாலயச் சந்தியில் இறங்கும்போதே தப்புச் சத்தம் கேட்டது. வாசலில் தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் கதிரைகள். உள்ளே மாமாவைக் கட்டிலோடு நடுவீட்டில் திருப்பிப் போட்டு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும்தான் காலையிலிருந்து அடைத்து வைத்த அழுகை பீறிட்டது. காலடியில் விழுந்து அழுதாள். அந்த அழுகையில் ஒரு பொட்டுப் பொய் இல்லை.

கிருஷ்ணராஜ் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பகலில் வேலை முடிந்து வந்து பார்த்தபோது அப்பா போயிருந்தார் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தான்.

சற்று நேரத்தில் அவன் அக்கா அழகம்மா கலவானையிலிருந்து வந்து சேர்ந்தாள். வந்தவள் அப்பாவின் காலைப் பிடித்து அழுவதற்காகத் துணியை விலக்கினாள். அழுகை பாதியில் நின்றது.

கால் பெருவிரல் இரண்டும் ஏற்கெனவே சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. உயிர் போனதும் வெள்ளைத் துணி கிழித்துக் கட்டுவது முறை. இது துணியில்லை. பால்வெட்டுக்காரர்கள் காலையில் மரத்தின் வெட்டிலிருந்து உரித்தெடுக்கிற, காய்ந்த றப்பர் நாடா.

"இது யாரு கட்டுனது?" என்றாள் அழகம்மா. காலை அமுக்கிப் பார்த்தாள். "கட்ட மாதிரி வெறச்சுக் கெடக்கு. இப்டி சேத்துக் கட்டுறதுன்னா உசிரு போன சூட்டோட கட்டியிருக்கணும். பகல் வந்துதான் பாத்தேன்னு தம்பி சொன்னான்?" அவள் பார்வை ஜீவராணி பக்கம் திரும்பியது. "நீதான காலையில வீட்ல இருந்த? நீ போகக்குள்ள அப்பா எப்டி இருந்தாரு?"

எல்லாத் தலைகளும் திரும்பின. 

"அவள கேக்காத அக்கா" என்றான் கிருஷ்ணராஜ். "நான்தான் கட்டுனேன். வெட்டுக்குப் போறதுக்கு முன்ன. துணி கிழிச்சா சத்தத்துக்கு அவ திரும்பிப் பாப்பா. சட்டப் பையில இது கெடந்துச்சு."



"பெத்த அப்பன பொணமா போட்டுட்டு பால் வெட்டப் போனியாடா?" என்றாள் அழகம்மா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சொல்லியிருந்தா அவள போக விட்டுருப்பீங்களா?"

 கிழவிகள் அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். சுமித்ரா அக்கா ஜீவராணியின் தோளைத் தடவி, "இவளுக்கு என்னா தெரியும், பாவம். தூங்குறாருன்னுதான் எங்கிட்டயும் சொல்லிட்டுப் போனா" என்றாள்.

பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். பழியெல்லாம் அவன் தலையில், அவள் பச்சைப் பிள்ளை மாதிரி சுத்தம். ஆனால் அவன் காலையில் அத்தனை வார்த்தை பேசினது ஏனென்று இப்போது புரிந்துபோன பிறகு, அவளால் அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"எனக்கும் தெரியும் மதினி" என்றாள். "தொட்டுப் பாத்தேன். குளுந்து கெடந்தாரு. தெரிஞ்சுதான் பஸ் ஏறுனேன்."

தோளில் இருந்த சுமித்ரா அக்காவின் கை நின்றது. கிருஷ்ணராஜ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வெளியே தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்ச நெருப்பண்டை போயிருந்தார்கள், மழை தகரத்தில் விழுவது மட்டும் கேட்டது.

 அழகம்மா றப்பர் நாடாவை நகத்தால் நெம்பி மெல்ல மெல்ல அவிழ்த்தாள். மடியில் கொண்டுவந்த வெள்ளைத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து விரல்களைச் சுற்றினாள்.

"இங்க வா" என்றாள், திரும்பாமல். "முடிச்சு வழுக்குது. வெரல வையி."

ஜீவராணி முழங்காலிட்டு முடிச்சின்மேல் சுட்டுவிரலை வைத்தாள். மழையில் நனைந்து வந்திருந்த வெள்ளைத் துணியில், பரீட்சைப் பேனையின் நீல மை மெல்லப் பரவியது. மதினி அதைப் பார்த்துக்கொண்டே துணியின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டினாள்.