எட்டு ஜிப்பாவும் ஒரு நேர்க்கோடும்

1.

இந்தக் கதை என் கற்பனை இல்லை. மலேசியாவின் கிள்ளானில் காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்த வீட்டில் கிடைத்தது. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பழனியப்பன் சொல்லச் சொல்ல, உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அமுதவள்ளி ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தினார். கேட்கப் போனது ஒரு கதை. கையில் வந்தது இரண்டு. முடிந்தவரை மூட்டியிருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கிள்ளான் ஆற்றின்மேல் பனி மெல்ல’ – வேண்டாம். இங்கே ஏது பனி, வந்தால் புகைமூட்டம்தான்.

பிறகு: ‘வாழ்க்கை ஒரு துணி. அதில் நாம் எல்லோரும்’ – இதை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அமுதவள்ளி, பாசார் சந்தையில் மீன்கடை ஈரத்தில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வீட்டில் எட்டு நீல ஜிப்பாக்கள் தொங்கின. விமலன் என்ற கல்யாண மாப்பிள்ளைக்கும் அவன் தோழர்கள் ஏழு பேருக்கும். எல்லாம் தைத்தாகிவிட்டது, காலரையும் நெஞ்சுப் பட்டியையும் சுற்றித் தங்க நூலில் டாப் ஸ்டிச்* மட்டும் பாக்கி. கல்யாண சீசன். தெரிந்த தையல்காரர்கள் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல அமுதவள்ளிக்கு வாய் வரவில்லை.

மிச்சம் இருந்த ஆள் பழனியப்பன். இருபத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

(* துணியின் மேல்பக்கம், விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, அதன் கூடவே ஓடும் தையல். நீலத்தில் நீலம் கோணினால் யாருக்கும் தெரியாது. நீலத்தில் தங்கம் கோணினால் எதிர்ச்சாலையில் நிற்பவருக்கும் தெரியும். பொத்தானை யார் வைத்தது என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு சாந்தமேரி. அவருக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை.)

3.

காலடியில் பெடல், முன்னால் ஒரு கோடு. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றுதான் பழனியப்பன் நினைத்தார். பழைய படுக்கை விரிப்பை வைத்து மிதித்தார். மிஷின் பாய்ந்தது.

மெதுவாக மிதிக்க வேண்டும், துணியை இழுக்கக் கூடாது, ஊசியைப் பார்க்காமல் துணியை அழுத்தும் பாதத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று அமுதவள்ளி சொல்லியிருந்தார். காரின் பானட்டைப் பார்க்காதே, தூரத்தைப் பார் என்று தினமும் ஓட்டப் பழகும் பிள்ளைகளிடம் சொல்கிறவர்தான் பழனியப்பன். ஆனாலும் ஊசியையே பார்த்தார். கோடு கிள்ளான் ஆறு மாதிரி வளைந்து வளைந்து கடலைத் தேடிப் போனது. மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு திருப்ப வேண்டும். இவர் ஊசியைத் தூக்கிவிட்டுத் திருப்பினார். காலர் முனை தும்பிக்கை ஆனது.

4.

அமுதவள்ளி கத்தவில்லை. இங்கேதான் எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். ஒரு பிரதியில் கத்தரிக்கோலை வீசச் செய்தேன். தொலைபேசியில் படித்துக் காட்டியதும், “நான் கத்தல தம்பி. உள்ளத எழுதுங்கலா,” என்றார்.

மூன்று நாள். பழனியப்பன் கோணலாகத் தைப்பார். அந்த அம்மாள் இடது கையால் பிரித்துக் கொடுப்பார். பேச்சே இல்லை. அதுதான் பழனியப்பனுக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன்னால் மனைவிக்கும் அவரே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ரவுண்டபோட் என்கிற வட்டச் சந்திப்பு ஒன்றில் அவர் போட்ட கூச்சலில் அமுதவள்ளி நடு வளைவிலேயே இஞ்சினை அணைத்து, இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

நாலாம் நாள் பழனியப்பன் மேசைக்கு அடியில் தற்செயலாகப் பார்த்தார். அவர் வேகமாக மிதிக்கும்போதெல்லாம், பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியின் வலது கால் வெறும் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை. அது அவருக்குத் தெரிந்த கால். இருபத்தொன்பது வருடமாகப் பிள்ளைகள் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் அவருடைய காலே அப்படித்தான். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பெடலிலிருந்து பாதி பாரத்தை எடுத்தார். அன்றுதான் முதல் கோடு நேராக வந்தது.

5.

எட்டும் முடிந்தன. விமலன் வந்து போட்டுப் பார்த்தான். கணவனும் மனைவியும் அவன் காலரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, “நைஸ்லா ஆன்டி,” என்று எடுத்துக்கொண்டு போனான்.

இந்த இடத்தில் அமுதவள்ளி மறுபடி கார் ஓட்டக் கிளம்புவதாக ஒரு முடிவு எழுதினேன். பழனியப்பனுக்கு ரொம்பப் பிடித்தது. அமுதவள்ளிதான், கிராப் டாக்சியின் ஏசியில் தூங்கிக்கொண்டே போகிற சுகத்தை எதற்காக விட வேண்டும் என்று கேட்டார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

6.

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. ஆறாவது ஜிப்பா. காலரின் மூலை நெருங்குகிறது, மிஷின் ஓடுகிறது. பழனியப்பன் பாதத்தின் ஓரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “வள்ளி, அன்னிக்கு ரவுண்டபோட்ல நான் கத்துனது தப்பு.”

அமுதவள்ளி பதில் சொன்னார். மிஷின் சத்தத்தில் அது என்னவென்பதில்தான் தகராறு. “சரி, விடுங்க” என்று சொன்னதாகப் பழனியப்பன் சொல்கிறார். “மூலை வருது, ஊசிய இறக்குங்க” என்று மட்டும்தான் சொன்னதாக அந்த அம்மாள் சாதிக்கிறார். தனித்தனியாக இரண்டு முறை கேட்டேன். இருவரும் இறங்கி வரவில்லை. ஜிப்பாவில் அந்த மூலை கோணியிருக்கிறதா என்று பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், எந்தத் தோழன் போட்டுக்கொண்டு போனானோ தெரியாது.

ஆகவே அந்த வரியைக் காலியாக விடுகிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை வீட்டில் காட்டுவதும் காட்டாததும் உங்கள் பாடு.

அமுதவள்ளி சொன்னார்: “                              ”