நாற்பத்தொன்றாவது கம்பு

1

இந்தக் கதை என் வாசலில் நான் நட்ட ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நாலடி உயரக் கம்பு, நுனியில் பழைய சேலைக் கிழிசல். இப்போதும் அங்கேதான் நிற்கிறது. எழுதும் மேசையிலிருந்து தலையைத் தூக்கினால் தெரியும். அதனால் தலையைத் தூக்காமல் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[வாவி அன்று காலை வெள்ளித் தட்டுப்போல—]

வெட்டிவிட்டேன். எங்கள் கரையில் யாரும் வாவியைத் தட்டாகப் பார்த்ததில்லை. இறால் கிடக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்றுதான் பார்ப்போம். பிறகு இப்படி:

[கண்ணகை ஓர் ஏழை இறால்காரி. அவளுடைய—]

இதையும் வெட்டினேன். கண்ணகை வாசித்தால் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆரு மாமி ஏழை?" என்று கேட்பாள். இருபத்தைந்து வருடமாகச் சொந்தத் தோணி, சொந்தத் தராசு, நஸீறாவோடு கூட்டாகப் போட்ட இறால் கொட்டில். புளியந்தீவுக் கடைக்காரர் அவள் சொன்ன விலைக்குத்தான் வாங்குவார்கள்.

ஊரின் பெயரையும் எழுதி வெட்டியிருக்கிறேன். வாவியோரம் ஒரு சந்தை, ஒரு பஸ் நிலையம், ஒரு நகர சபை. இவ்வளவும் போதும், பிள்ளைகளே. சபையில் இருப்பவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். பெயர் சொல்லி அவர்களை வெட்கப்படுத்த எனக்கு மனமில்லை.

2

சபை மண்டபத்துச் சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்ட அன்று, கண்ணகை இறால் கழுவிய கையோடு போய் அதன்முன் நின்றாள். வாவிக்கரையையும் நகர் நடுவையும் புதுப்பிக்கிற திட்டம். பஸ் நிலையத்திலிருந்து தண்ணீர்வரை கல் பதித்த நடைபாதை, நெடுக விளக்குக் கம்பம், குந்த வாங்குப் பலகை, சாப்பாட்டுக் கடைகள், கரை முழுக்க இரும்பு வேலி.

அவளுக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. இதை நான் சேர்க்கவில்லை, அவளே சொன்னாள். எங்கட ஊருக்கும் லைட்டு வரப்போகுது என்று. பிறகுதான் தோணித்துறையைத் தேடினாள். இருபத்திரண்டு தோணி கட்டுகிற இடம். விரலால் கரையைத் தடவிக்கொண்டே போனாள். துறை இருக்கவேண்டிய இடத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. கடைகளுக்கு முன்னால் வேலி.

திட்டமிடல் பிரிவின் கம்சாயினி பக்கத்து மேசையில் இருந்தாள்.

(கம்சாயினிக்கு நான் முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், வில்லி மாதிரி. இரண்டு நாள் யோசித்துக் கழற்றிவிட்டேன். அவள் வாழைச்சேனைப் பிள்ளை, மத்தியானத்துக்குப் பார்சல் கட்டிக்கொண்டு வருகிறவள். வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பயம் மட்டுமே அவளிடம் உண்டு.)

"தங்கச்சி, இதில எங்கட துறை எங்க?"

"துறையா? அந்த இடம் வெறுங்காணி எண்டுதான் அக்கா அளவையில இரிக்கி."

"எப்ப அளந்த?"

"மாசியில."

கண்ணகை சிரித்துவிட்டாள். "முகத்துவாரம் வெட்டினாப் பிறகா? அது, மத்தியானம் திரும்பினாப் பிறகு வந்து கழுவிக் கவுத்த சட்டியப் பாத்துட்டு, இந்த ஊட்ட சமைக்கிறல்ல எண்டு சொல்ற மாதிரியெல்லுவா."*

* இது வெளியூர்ப் பிள்ளைகளுக்கு. மாரியில் ஆறுகள் எல்லாம் வாவிக்குள் இறங்கும். கடல் வாயை மணல் அடைத்திருப்பதால் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். வயல் வட்டைகளில் வேளாண்மை மூழ்கப் பார்க்கும்போது மணலை வெட்டித் திறப்பார்கள். இரண்டு மூன்று நாளில் வாவி இறங்கிவிடும். தோணி மிதந்த இடத்தில் மாடு மேயும். மாசியில் வந்தவர் மாட்டைப் பார்த்து அளந்திருக்கிறார்.

கம்சாயினி சிரிக்கவில்லை. பேனையை மூடி வைத்தாள். "அப்ப தண்ணி எதுவரைக்கும் வரும் எண்டு காட்டுங்க அக்கா. போன மார்கழியில, வெட்டுறதுக்கு முதல்நாள் நிண்ட இடம். ஊட்டுக்கு ஒரு கம்பு நட்டு வைங்க. புதன்கிழமை நான் மட்டம் பாக்கிற கருவியோட வாறன். சரியா இருந்தா படத்த மாத்த எழுதலாம். இல்லாட்டி இதுதான் மேல போகும்."

3

இந்த இடத்தில் கதை நேராகப் போயிருக்கும். நாங்கள்தான் விடவில்லை.

எங்கள் ஊரில் வெள்ளத்துக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருத்தி தன் வளவுக்குள் முழங்கால் அளவு வந்தது என்றால், அடுத்தவள் இடுப்பளவு என்பாள். கலியாணப் பேச்சில்கூட வெள்ளம் கண்ட வளவு, வெள்ளம் காணாத வளவு என்று ஒரு பேச்சு வரும். அப்படிப்பட்ட ஆட்களிடம் போய், உன் தண்ணீர் எதுவரை வந்தது, கம்பு நடு என்றால்?

நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு வெள்ளம். போன மார்கழியை ஒருவரும் நடவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பெருமைக்குரிய வருடத்தை நட்டார்கள். மீனவர் சங்கத் தலைவர் இராசதுரை தன் கம்பைப் பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் நட்டார்.

என் கம்பு செம்பரத்தை வேலிக்குள். போன மார்கழியில் அங்கே தண்ணீர் வரவேயில்லை.

கண்ணகையின் கம்பு மட்டும் வேறு கணக்கு. அதை எழுதக் கை கூசுகிறது. அவள் தன் கம்பைக் கொட்டிலுக்குப் பின்னால் நட்டாள். தண்ணீர் வரும் நிலம் என்றால் அங்கே எதுவும் கட்ட மாட்டார்கள், கொட்டில் தப்பும். உண்மைத் தண்ணீர் கொட்டிலுக்கு முன்னால், பன்னிரண்டு எட்டு நடை கீழே, பூவரசின் வேரை ஒட்டி நின்றது. நஸீறாவுக்கும் அது தெரியும். கண்ணகை அடிக்க, கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான்.

4

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்சாயினி முக்காலியில் கருவியைப் பூட்டினாள். ஆறு கம்பு பார்த்தாள். பிறகு பஸ் நிலையப் பக்கம் பார்த்தாள்.

"தலைவர், அந்தக் கம்பும் வாவிட தண்ணிதானா?"

"ஓம் புள்ள. எழுவத்தெட்டுச் சூறாவளிக்கு அதுவரைக்கும் வந்த. என்ட ரெண்டு கண்ணால கண்ட."

"போன மார்கழிக்கு?"

இராசதுரை தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பினார்.

"வாவி தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கும்" என்றாள் நஸீறா. கூட்டம் சிரித்தது.

கம்சாயினி சிரிக்காமல் புத்தகத்தை மூடினாள். "ஆறு கம்பும் ஆறு மட்டத்தில நிக்கிது. தண்ணி ஒரு மட்டத்திலதான் நிக்கும். இத நான் எழுதிக் குடுத்தா என்னையும் நம்பமாட்டாங்க, உங்களையும் நம்பமாட்டாங்க. படத்தில இருக்கிறபடியே விடுறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல்ல, அக்கா."

முக்காலியின் ஒரு காலை மடித்தாள். கண்ணகை அதைப் பார்த்தாள். பிறகு துறையைப் பார்த்தாள். ஆனி மாதத்துக் காய்ந்த சேற்றில் தோணிகள் சரிந்து கிடந்தன. மார்கழி வந்தால் அவற்றை எங்கே கட்டுவது? இரும்பு வேலியிலா?

[அப்போது அவள் மனதில் ஓர் ஒளி—]

ஒளியும் இல்லை ஒன்றும் இல்லை. அவள் கொட்டிலுக்குப் பின்னால் போய்த் தன் கம்பை ஆட்டிப் பிடுங்கினாள்.

"என்ட கம்பு பொய்" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "இவடத்த தண்ணி வரல்ல. அண்டைக்கு ஐஸ் போடுற றெஜிபோம் பெட்டியெல்லாம் கொட்டிலுக்குள்ள நிலத்திலதான் இருந்த. ஒண்டும் நனையல்ல."

நஸீறா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "கண்ணகக்கா, கொட்டில் போயிரும்."

"தெரியும் புள்ள."

"மறுகா நாம எங்க இருந்து இறால் பெரிசு சிறிசு தெரியிற?"

"துறை இல்லாட்டி இறாலே வராது, நஸீறா. கொட்டில வெச்சி என்னத்தத் தெரியிற?"

பன்னிரண்டு எட்டு நடந்தாள். பூவரசின் வேரடியில் குழி தோண்டி, கம்பை நட்டு, காலால் மண்ணை மிதித்தாள்.

பிறகு நஸீறா போய்த் தன்னுடையதைப் பிடுங்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கடைசியாக இராசதுரை பஸ் நிலையத்திலிருந்து கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு, தேர்தலுக்குக் கொடி கொண்டு போகிறவர் மாதிரி, சந்தை நடுவால் இறங்கி வந்தார். ஒருவரும் கேலி செய்யவில்லை.

கம்சாயினி திரும்பவும் மட்டம் பார்த்தாள். கருவியைத் துடைத்தாள். இன்னொரு முறை பார்த்தாள். நாற்பது கம்பு, கரை நெடுக அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம். மேலும் கீழுமாக நாலு விரல் வித்தியாசம்.

"ஆரு உங்களுக்கு அளந்து தந்த?" என்றாள்.

"ஆரும் அளக்கல்ல" என்றாள் கண்ணகை. "அண்டைக்கு அதில நிண்டு தோணி கட்டின. அவ்வளவுதான்."

அவள் அதைச் சொன்ன விதத்தை எழுத நாலு தரம் முயன்றேன். கழுத்து எப்படி நிமிர்ந்திருந்தது, கை எப்படி இடுப்பில் இருந்தது என்றெல்லாம். விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் தன் வேலையைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பாள். அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது என்றேன். கம்சாயினிதான் மிச்சத்தைக் கண்டாள். "செம்பரத்தை வேலிக்குள்ள ஒண்டு நிக்கிது. அது ஆர்ட?"

எல்லோரும் என் ஜன்னலைப் பார்த்தார்கள். அன்று நான் வெளியே போகவில்லை, முழங்கால் வலி என்று. வலி உண்மை. போகாததற்குக் காரணம் அதுவல்ல.

"அது கதை எழுதுற மாமிட கம்பு" என்றாள் கண்ணகை. "அதக் கணக்கில எடுக்கத் தேவல்ல."

5

ஐப்பசியில் புதிய படம் தொங்கியது. தோணித்துறை என்று தமிழில் கொட்டை எழுத்தில். நடைபாதை அந்த இடத்தில் வளைந்து மேலே போகிறது, இரும்பு வேலி துறையின் இந்தப் பக்கத்தில் நின்று அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்குகிறது. இருபத்திரண்டு தோணிக்கும் வழி. கண்ணகை விரலால் தடவிப் பார்த்தாள். படத்தில் இறால் வாசம் ஒட்டியிருக்கும்.

கொட்டில்? வளைந்த நடைபாதை அதன் மேலால்தான் போகிறது. ஆனால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறு சதுரம். கம்சாயினி அதை மையால் எழுதவுமில்லை, அழிக்கவுமில்லை. கொட்டிலை விடுவதா எடுப்பதா என்று சபை அடுத்த அமர்வில் முடிவு செய்யும்.

நானும் முடிவு செய்து பார்த்தேன்.

[சபை ஒருமனதாகக் கைதட்டி, கொட்டிலைக் கல்லால் கட்டிக்கொடுத்து, வாசலில் கண்ணகையின் பெயரை—]

இது கண்ணகைமேல் ஆசை வைத்தவள் எழுதுகிற முடிவு. செம்பரத்தை வேலிக்குள் நிற்கிற கம்பு.

[ஒரு காலையில் சபை ஆட்கள் வந்து தகரத்தைக் கழற்ற, கண்ணகையும் நஸீறாவும் ஒரு குடையின் கீழே—]

இது அழவைக்க எழுதுகிற முடிவு. இதுவும் நான் காணாத தண்ணீர்.

அதனால் இன்று விடியத் தாளை மூடிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கம்பைப் பிடுங்கினேன். ஒழுங்கைப் பாதையால் இறங்கி, போன மார்கழியில் தண்ணீரைக் கண்டு நான் செருப்பைக் கழற்றிய இடத்தை நினைவு பிடித்துக் குத்தினேன். கண்ணகை கொட்டிலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு எட்டுக் கீழ, மாமி" என்றாள்.

ரெண்டு எட்டுக் கீழே போய்க் குத்தினேன். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு இறாலுக்குத் திரும்பினாள். பிள்ளைகளே, எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு இவ்வளவு பெரிய பரிசை யாரும் தந்ததில்லை.

மார்கழியில் வாருங்கள், மணல் வெட்டுவதற்கு முதல்நாள். நாற்பத்தொரு கம்பும் வரிசையாக நிற்கும், தண்ணீர் உங்கள் காலைத் தொடும். அப்படியே நின்று கரைப்பக்கம் திரும்பிப் பாருங்கள். பூவரசுக்கு மேலே கொட்டில் நிற்கும், அல்லது விளக்குக் கம்பம் நிற்கும். கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். கண்டதை மட்டும்.

……………………………………………