பாதி வீதிப் பிரதட்டை

முழங்கை இரண்டும் தோலுரிந்து எரிந்தன. ஆனி வெயிலில் வறுபட்ட மணல் வெறும் முதுகைப் பொசுக்கியது. நயினாதீவு அம்மன் கோயில் தெற்கு வீதியில் ஈரவேட்டியோடு உருண்டுகொண்டிருந்த ஆரூரனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தாய் மனோகரி ஒப்பரேசனுக்குப் போனபோது, அவள் பிழைத்தால் நாலு வீதியும் உருண்டு பிரதட்டை செய்வதாக நேர்ந்தவன் அவன்தான். இன்றைக்கு நினைப்பில் தாயும் இல்லை, அம்மனும் இல்லை. அந்த நினைப்புக்குள் கனடாவில் பெட்டைகள் அவனுடைய வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஊரில், கரம்பொன்னில், கடைக்காரர் எழும்பிக் கதிரை கொடுத்தார். படம் எடுக்கிற ஒருவர் வந்து, இவ்வளவு நாளும் உம்மைத்தான் தேடினோம் என்றார்.

தங்கை துஷாந்தி கைபேசியைப் பிடித்தபடி கூடவே வந்தாள். தென்மேற்கு மூலையில் அவன் கிடந்தபடியே படத்தைக் காட்டச் சொன்னான். ஒன்றும் பதிவாகியிருக்கவில்லை. சனம் இடித்த இடியில் அவள் பொத்தானை இரண்டு தரம் அமத்திவிட்டாள்; தொடங்கின பதிவு உடனேயே நின்றுவிட்டது.

தொடங்கின இடத்துக்கு வந்து சேரும்வரை எழும்பக்கூடாது என்பது தீவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆரூரன் எழும்பிவிட்டான்.

"இனி உருண்டு என்ன பிரயோசனம்? ஆர் பாக்கப்போகினம்?"

"அம்மன் பாக்கிறா."

"அம்மன் லைக் போடமாட்டா. வாடி."

மேற்கு வீதியையும் வடக்கு வீதியையும் நிழலாகப் பார்த்து நடந்தே கடந்தார்கள். வழியில் தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்தான், தலைமயிரைச் சரிபண்ணினான். வடகிழக்கு மூலையில் மணலை அள்ளி நெஞ்சில் பூசிக்கொண்டு திரும்பவும் படுத்தான். அங்கிருந்து கோபுரவாசல் வரைக்கும், கமராவுக்கு முகம் காட்டிக் காட்டி, அப்படி ஒரு உருளல்.

வாசலில் மனோகரி திருநீற்றோடு நின்றாள். மகனைத் தூக்கி நிமிர்த்தி, சேலைத் தலைப்பால் மணலைத் தட்டத் தட்ட அழுதாள். அதுவும் படத்தில் விழுந்தது. பிறகு சனத்திடம் எடுபட்டதும் அதுதான்.

திரும்பும் படகு குறிகட்டுவான் துறையை நெருங்குவதற்குள் அவன் ஏற்றிவிட்ட வீடியோவுக்கு இதயக்குறிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. முன்னால் இருந்த ஒரு பொம்பிளை தன் கைபேசியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "தம்பி, இது நீர்தானே?" என்றாள். படகு முழுக்கத் திரும்பியது. பக்கத்தில் நின்று படம் எடுக்க மூன்று பேர் எழும்பினார்கள். படகு சரிகிறது, இருங்கோ என்று ஓட்டி கத்தினான்.

"நாலு வீதியும் உருண்டவன் என்ர பிள்ளை," என்று மனோகரி எல்லாருக்கும் சொன்னாள். ஒரு கை வயிற்றுத் தையலைப் பொத்தியிருந்தது. "ஒருக்காக்கூட எழும்பேல்லை."

துஷாந்தி அவன் காதருகே குனிந்தாள். "அண்ணை, மேற்கும் வடக்கும்?"

"வாற வருசம் பாப்பம். நல்ல கமராவோட." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குறி ஏறிக்கொண்டே இருந்தது.

தாயின் உயிருக்கு நேர்ந்ததில் மேற்கு வீதியும் வடக்கு வீதியும் அம்மனுக்கு இன்னும் கடன்.