அசைந்த விரல்

இறந்து பிறக்கும் குழந்தைகளைப் படமெடுத்துப் பெற்றோருக்குக் கொடுப்பது கெர்பன் கூலி வாங்காமல் செய்யும் வேலை. லேவார்டன் நகரத்துப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் போவார். அந்த அறைகளில் பிளாஷ் கூடாது. ஸ்டாண்ட் வைக்கவும் இடமிருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் கையில் பிடித்தே எடுக்க வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனை மெல்ல அழுத்துவார். பல வருஷங்களாக அவர் படம் கலங்கியதே இல்லை.

இந்தக் கோடையில்தான் வலது கை தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது.

"என்ன கெர்பன், கை டான்ஸ் ஆடுது?" என்று, இப்படிப் படமெடுக்கப் போகிறவர்களின் குழுத் தலைவி ஹிஸ்கே கேட்டாள்.

"உன் காபியக் குடிச்சா மாட்டுக்குக்கூட கால் ஆடும்."

சிரித்துவிட்டுப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இந்த வேலையும் போய்விட்டால் இனித் தான் எதற்கு என்ற பயம் அவருக்கு.

நவம்பர் மழை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் யில்டோ, அவள் மார்பில் நீலக் குல்லாய் போட்ட டவ்வே, இறந்து பிறந்த மகன். அவள் கணவன் ரின்ஸே தட்டை நீட்டினான். ரஸ்க்கின் மேல் வெண்ணெய், அதன்மேல் நீலமும் வெள்ளையுமாய்ச் சோம்பு மிட்டாய்.

"எடுத்துக்கோங்க. பையன் பொறந்தா குடுக்கறதுதானே? எங்களுக்கும் பொறந்தான்ல."

கெர்பன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுக் கேமராவைக் கையிலெடுத்தார்.

சுவரில் தோளைச் சாய்த்து, குழந்தையின் கையை மட்டும் நெருக்கத்தில் எடுத்தார். அவர் வலது கை நடுங்கியது. மறுபடி எடுத்தார். எடுத்த இடத்திலேயே கேமராத் திரையில் படத்தைத் திருப்பிப் பார்ப்பது அவர்கள் குழுவில் வழக்கமில்லை. சந்தேகம் யாரை விட்டது? பார்த்தார். கட்டிலிலிருந்து யில்டோவும் பார்த்துவிட்டாள்.

ஒரு படத்தில் விரல்கள் தெளிவாக இருந்தன. அடுத்ததில் இழுபட்டு, இரண்டிரண்டாக.

"ரின்ஸே! விரல் அசைஞ்சிருக்கு! இங்க பாரு, அசைச்சிருக்கான்!"

தட்டு விழுந்து உடைந்தது. ரின்ஸே நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடினான்.

"அவன் அசையலம்மா," என்றார் கெர்பன். வலது கையை நீட்டிக் காட்டினார். "ஆடுனது இதுதான்."

அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல நர்ஸ் வந்து பாக்கட்டும்," என்றாள்.

நர்ஸ் வந்தாள். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இருக்காது என்று தெரிந்திருந்தும் கெர்பனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாழும் மனசு அவரையும் விடவில்லை.

நர்ஸ் இல்லையென்று தலையசைத்தாள்.

யில்டோ குல்லாயைச் சரிசெய்தாள். பிறகுதான் கெர்பனின் கையைப் பார்த்தாள்.

"இது நடுங்கும்னு தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சேதாம்மா வந்தேன்," என்றார் கெர்பன்.