பரணுக்கு மேலே போன பந்து

பீரங்கி என்பது அவளுக்கு அண்ணி வைத்த பெயர். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் அந்த ஒடிசலான பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகப் படாது. கையில் ஒரு பந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் வேறு பெயர் வாயில் வராது.

ஷிப்டு முடிந்ததும் பின்பக்கத்துக் காலிக் கொட்டகையில் பெண்கள் பந்து விளையாடுவார்கள். ஆட்டத்தை அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே பெட்டி கட்டும் கயிறு. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். பந்தைக் கயிற்றுக்கு மேலே எறிய வேண்டும், எதிர்ப்பக்கம் அதைத் தரையில் விடாமல் பிடிக்க வேண்டும். எவ்வளவுக்கெவ்வளவு உயரமாகப் போகிறதோ அவ்வளவுக்கவ்வளவு எதிராளி கழுத்தை வளைத்துக்கொண்டு திண்டாடுவாள். பந்து கயிற்றைத் தாண்டும்போது எறிந்த பக்கம் “போச்சு!” என்று கத்த வேண்டும். கத்தியாகிவிட்டால் பந்து எதிர்ப்பக்கத்தின் தலைவலி. தாண்டாமல் விழுந்தால் எறிந்தவள் மானம் போகும்.

பீரங்கிக்கு வீட்டிலும் வேலையிலும் ஆயிரம் தொல்லை. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். இந்த ஆட்டம் மட்டும்தான் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது. அதில் யாராவது கை வைத்தால் சும்மா இருப்பாளா?

கை வைத்தார் மேனேஜர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. காலியாக ஓர் இடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை ஆட்டத்துக்கு நடுவில் வந்து நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். கூடவே, கட்டட வேலைக்கெல்லாம் வரைபடம் போடும் டிராயிங் மேடம்.

“இங்க ஒரு பரண் போடப்போறோம். இரும்புச் சட்டம், மேல பலகை. பெட்டியெல்லாம் அங்க ஏறிடும். கீழ நீங்க பாட்டுக்கு ஆடுங்க, யாரு வேண்டாம்னா?”

“பந்து பரண்ல இடிக்குமே சார்?” என்றாள் பீரங்கி.

“ஆறு மீட்டர் உசரத்துல வருதும்மா. ரெண்டு மாடி. உங்க பந்து என்ன ராக்கெட்டா?”

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்தினார்கள். கூரையைத் தொடும் என்றாள் ஒருத்தி. கூரையில் பட்டுத் திரும்பியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்னொருத்தி சத்தியம் செய்தாள். கூரையோ பதினோரு மீட்டர். டிராயிங் மேடம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“கீழ நின்னு பாத்தா எல்லாமே உசரமாத்தான் தெரியும். நான் எதை நம்பி வரையறது? ஒரு கணக்கு குடுங்க. அது எப்படி வந்துச்சுன்னும் காட்டுங்க. ஆறைத் தாண்டுச்சுன்னா பரணை அந்தக் கோடிக்குத் தள்ளிடறேன். ஆனா வெள்ளிக்கிழமை டிராயிங் போயிடும், அதுக்கப்புறம் என்னைக் கேக்கக்கூடாது.”

நியாயமான பேச்சு. மேனேஜரும் சரி என்று தலையாட்டினார், கணக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில்.

அவருக்குத் தெரியாத விஷயம், பள்ளிக்கூடத்தில் பீரங்கியைப் பயமுறுத்தாமல் விட்ட ஒரே பாடம் இயற்பியல். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அட்டையைத் தரையில் போட்டு, சாக்கட்டியால் ஒரு வளைவு வரைந்தாள். அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, பந்து மேல போக எவ்வளவு நேரமோ, கீழ வரவும் அதே நேரம்தான். கிளம்பின உசரத்துலயே பிடிச்சுட்டா, மொத்த நேரத்துல பாதி எடுத்தா போதும்.”

“குறுக்கால வேற போகுதே, பதினாலு மீட்டர்? அதை என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். எவ்வளவு தூரம் போச்சுங்கறது வேற கணக்கு, எவ்வளவு மேல போச்சுங்கறது வேற கணக்கு. ஒண்ணு இன்னொண்ணு விஷயத்துல தலையிடாது.”

“நம்ம வீட்ல அப்படி யாராவது இருக்கோமா?” என்றாள் அண்ணி.

பீரங்கி சிரித்துக்கொண்டே மேலே சொன்னாள். எந்தப் பொருளும் விழ ஆரம்பித்த முதல் நொடியில் நாலு புள்ளி ஒன்பது மீட்டர் விழும். அந்தப் பாதி நேரத்தை அதே பாதி நேரத்தால் பெருக்கி, நாலு புள்ளி ஒன்பதாலும் பெருக்கினால், பந்து கைக்கு மேலே எவ்வளவு போனது என்று வந்துவிடும். எறியும்போது கை முகத்துக்கு நேராக இருக்கும். அது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் பீரங்கி கயிற்றுக்கு நாலு மீட்டர் பின்னால் நின்று எறிந்தாள். அண்ணி போனில் நேரம் பார்த்தாள். ஒன்று புள்ளி எட்டு நொடி. திரும்ப எறிந்தாள். அதே ஒன்று புள்ளி எட்டு. எத்தனை தடவை எறிந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. பாதி, புள்ளி ஒன்பது. பெருக்கிக் கூட்டினால் ஐந்து மீட்டர் நாற்பத்தேழு சென்டிமீட்டர். ஆறுக்குக் கீழே!

கூரையில் பட்டதாகச் சத்தியம் செய்தவள், “அப்போ இவ்வளவு நாளா சும்மா பீத்திக்கிட்டு இருந்தோமா?” என்று முணுமுணுத்தாள். பீரங்கிக்கு முகம் கறுத்துவிட்டது. தன் கணக்கே தன் காலை வாரிவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. மேனேஜர் தோற்கடித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பாள். இப்போது யாரைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அவளும் அண்ணன் குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பீரங்கி கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கையில் உருட்டினாள்.

“அண்ணி, கணக்கே தப்போன்னு சந்தேகமா இருக்கு. இந்த உத்தரம் எவ்வளவு உசரம்னு நமக்குத் தெரியும். அதைத் தொடற மாதிரி எறியறேன், நேரம் பாருங்க. பெருக்கினா அதே உசரம் வருதான்னு பாத்துடலாம்.”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வெங்காயம் மேலே போய், உத்தரத்தை லேசாகத் தொட்டு, பீரங்கியின் கைக்கே வந்தது. போனில் பார்த்தால் சைபர்.

“ஏன் அமுக்கல?”

“நீ ‘போச்சு’ சொல்லவே இல்லையே!”

பீரங்கி வெங்காயமும் கையுமாக அப்படியே நின்றாள்.

“அப்போ கொட்டகையில எப்போ அமுக்குனீங்க?”

“போச்சு சொன்னதும்தான். அதுக்கு முன்னாடி அமுக்கினா ஆட்டம் எங்க ஆரம்பிச்சுது?” என்று சொல்லிக்கொண்டே வந்த அண்ணி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை விட்டுக் கிளம்பிய பந்து கயிறு வரைக்கும் போன நேரம் முழுக்க விட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்கில் அந்தக் கத்தலுக்குப் பழகிய விரல், அவளைக் கேட்காமலே காத்திருந்திருக்கிறது.

“ஐயோ, நானே உன்னைக் கவுத்துட்டேனே!” அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர். வெங்காயமா வருத்தமா என்று சொல்ல முடியாது. பீரங்கி அவளைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில், அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனான்.

மறுநாள் டிராயிங் மேடத்தையும் மேனேஜரையும் வைத்துக்கொண்டே எறிந்தாள். அண்ணி பந்தைப் பார்க்கவில்லை, பீரங்கியின் விரலை மட்டும் முறைத்துப் பார்த்தாள். பந்து விரலை விட்டதும் அமுக்கினாள். அந்தப் பக்கத்துக்காரி முகத்துக்கு நேராகப் பிடித்ததும் நிறுத்தினாள். இரண்டரை நொடி.

மேடம் தன் கால்குலேட்டரைத் தட்டினாள். பீரங்கி அதற்குள் அட்டையில் எழுதி முடித்திருந்தாள். பாதி ஒன்றேகால். கைக்கு மேலே ஏழு மீட்டர் அறுபத்தாறு. ஒன்றரையைக் கூட்டினால் ஒன்பது மீட்டர் பதினாறு.

“எனக்கும் அதேதான் வருது,” என்றாள் மேடம்.

மேனேஜருக்கு மனசு வரவில்லை. “காகிதத்துல எழுதிட்டா ஆச்சா? ஒன்பது மீட்டராவது! நேத்து அஞ்சுன்னுதானே பேசிக்கிட்டாங்க?”

“அப்போ ஒன்பது மீட்டர்ல அட்டையைக் கட்டித் தொங்க விடுங்க சார்,” என்றாள் பீரங்கி. சொன்ன பிறகுதான் ஒன்பது மீட்டர் எவ்வளவு என்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் பெரிய ஏணியைப் போட்டு ஏறினார். பந்து போகும் வழியின் நடுவில், கூரைச் சட்டத்திலிருந்து வரிசையாக அட்டைகளைக் கட்டினார். அளவு நாடாவின் மறுமுனையைத் தரையில் மேடமே பிடித்துக்கொண்டாள். அட்டையின் அடி விளிம்பு சரியாக ஒன்பது. அச்சுப் பகுதியிலிருந்தும் ஆட்கள் வந்து சுவரோரம் நின்றுவிட்டார்கள்.

முதல் எறி அட்டைகளுக்குக் கீழே போனது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். இரண்டாவது உயரம் போனது, ஆனால் வரிசையை விட்டு விலகிவிட்டது.

“பதறாத. நம்ம வீட்டு உத்தரம்னு நினைச்சுக்கோ,” என்றாள் அண்ணி.

மூன்றாவது முறை பீரங்கி முட்டியை மடக்கி, மூச்சை இழுத்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். பந்து ஏறியது. ஏற ஏற வேகம் குறைந்து, இதோ நின்றுவிடப்போகிறது என்று எல்லோரும் நினைத்தபோது ‘டப்’ என்று அட்டையில் முட்டியது. அட்டை துள்ளி ஆடியது. கொட்டகை முழுக்க ஒரே கூச்சல். அண்ணி போனை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் ஓடிவந்து அவளைத் தூக்கிவிட்டாள். பீரங்கிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தான் போட்ட கணக்கு அவ்வளவு உயரத்தில் போய் நிஜமாகவே இடித்ததை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மேனேஜர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு தானும் ஒன்று எறிந்து பார்த்தார். பந்து கயிற்றுக்குக் கீழே போய் விழுந்தது. அவரே சிரித்துவிட்டார்.

“சரிம்மா, ஒத்துக்கறேன். ஆறு வேண்டாம். பரணுக்கும் தரைக்கும் நடுவுல எவ்வளவு விடணும்னு சொல்லு.”

“பத்து சார்.”

“ஒன்பதேகால் போதாதா? உன் கணக்கே ஒன்பது பதினாறுதானே?”

“அது இன்னிக்குக் கணக்கு சார். நாளைக்கு இன்னும் மேல எறிவேன்.”

டிராயிங் மேடம் கூரையைப் பார்த்தாள், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். “பத்து விட்டா மிச்சம் ஒரு மீட்டர். அதுக்குள்ள யாராலம்மா பெட்டி அடுக்க முடியும்? அப்புறம் இங்க பரணே கிடையாது.”

“அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்,” என்றாள் பீரங்கி.

மேடம் காதிலிருந்து பென்சிலை எடுத்து, வரைபடத்தில் ஆட்டம் நடக்கும் பாதிக்கு மேலே வரைந்திருந்த பரணுக்குக் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.